அண்ணியின் காதும் அண்ணனின் மைக்கும்

என் அண்ணி நான்கு முறை அலைச்சறுக்குச் சாம்பியன். நாத்தனார் வாயால் சொல்லப்படும் வரலாறு என்பதால் காரம் கொஞ்சம் தூக்கலாக இருக்கலாம். பொய் இருக்காது.

அவளுடைய அப்பா பஞ்சர் கடை வைத்திருந்தார். கடலுக்குள் அவள் முதலில் போனது லாரி டியூபில் குப்புறப் படுத்துக்கொண்டுதான். பிறகு எவனோ உடைத்துப் போட்டுவிட்டுப் போன பலகையைத் தூக்கிவந்து, படகு கட்டுகிறவர்களிடம் பசையும் கண்ணாடி இழைத்துணியும் கெஞ்சி வாங்கி ஒட்டினாள். ஒட்டு கோணலாகி, பலகை எப்போதும் இடப்பக்கமே இழுத்தது. அதில் பழகியதால்தான் இடப்பக்கம் உடையும் அலைகளில் அவளை அடிக்க ஆளில்லை என்று பத்திரிகைகளில் எழுதினார்கள். அண்ணியைக் கேட்டால், "சும்மா அளக்கறாங்க. பொறுமையா இருந்தேன், அவ்வளவுதான்" என்பாள்.

அது உண்மை. மற்றவர்கள் வருகிற அலைக்கெல்லாம் அடித்துப் பிடித்துக் கைபோடும்போது இவள் பலகைமேல் உட்கார்ந்து தேமே என்று தூரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கரையில் நிற்பவர்களுக்குக் கொட்டாவி வந்துவிடும். கொக்கு என்று பெயர் வைத்தார்கள்.

இந்த விளையாட்டின் விதி ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். இறுதிப் போட்டியில் இரண்டு பேர்தான் நீரில் இருப்பார்கள். அவர்களில் ஒருத்திக்கு முன்னுரிமை. அவள் விரும்பிய அலையில் ஏறலாம், மற்றவள் குறுக்கே வரக் கூடாது. ஏறிவிட்டாலோ, ஏறப் போய்த் தவறவிட்டாலோ முன்னுரிமை அடுத்தவளுக்குப் போய்விடும். உரிமை இல்லாதவள் குறுக்கே வந்தால் அவள் மதிப்பெண்ணில் பாதி காலி. அண்ணி முன்னிலைக்கு வந்துவிட்டால் முன்னுரிமையைச் செலவழிக்காமல் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள். கடைசி நிமிடங்களில் எதிராளி குறிவைக்கும் நல்ல அலையில் தானே ஏறி, அவளுக்குக் கிடைக்காமல் செய்துவிடுவாள். விதிப்படி சரிதான். பார்க்கிறவர்களுக்குத்தான் வயிற்றெரிச்சல்.

முன்னுரிமை யாரிடம் இருக்கிறது என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பது என் அண்ணன். வீட்டில் தண்ணீர் வேண்டுமென்றால்கூடத் தொண்டையைச் செருமுவதோடு நிறுத்திக்கொள்ளும் பிறவி. மைக்கைக் கொடுத்தால் மட்டும் மணிபோல் குரல் வரும். எல்லாருக்கும் ஒரே குரல், ஒரே வேகம், ஒரு தரம்தான் சொல்வான். அந்தக் குரலைக் கேட்டுத்தான் அவனைக் கட்டிக்கொண்டதாக அண்ணி சொல்வாள். எனக்கு இன்றும் அது புரியவில்லை.

ஐந்தாவது பட்டத்துக்கான பருவம் தொடங்கும் முன்பு, வலது காது அடைத்திருக்கிறது, இடதும் சரியில்லை என்று என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போனாள். காது டாக்டர் விளக்கை வைத்துப் பார்த்துவிட்டுச் சலித்துக்கொண்டார்.

"உள்ள எலும்பு வளந்திருக்கும்மா. குளிர் தண்ணியிலயும் காத்துலயும் வருஷக்கணக்கா கெடந்தா இப்படித்தான். ரெண்டு பக்கமும் ஆபரேஷன் பண்ணணும். சில மாசம் கடல் பக்கமே போகக் கூடாது."

"இந்தப் பருவம் முடியட்டும் டாக்டர்."

"வலது பக்கம் சீழ் வெச்சிருக்கு. தள்ளிப் போட்டா கேக்கற நரம்பே போயிடும். அப்புறம் என்கிட்ட வந்து அழாதீங்க."

வாசலுக்கு வந்ததும் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உன் அண்ணன்கிட்ட மூச்சு விடாத."

"ஏன் அண்ணி? அவன் என்ன கடிச்சா தின்னுடுவான்?"

"எனக்குக் கேக்காதுன்னு தெரிஞ்சா மைக்குல எனக்காகக் கத்துவாரு. ரெண்டு தரம் சொல்லுவாரு. அப்புறம் நான் ஜெயிச்சதுக்கு என்ன மரியாதை?"

"அவனா? அவன் யாருக்கும் சலுகை காட்ட மாட்டானே."

"அது கல்யாணத்துக்கு முன்னாடி. இப்ப பொண்டாட்டியாச்சே."

நான் வாயை மூடிக்கொண்டேன். அவள் காது, அவள் பட்டம், அவள் புருஷன். நடுவில் நான் யார்?

அந்தப் பருவம் முழுவதும் அவள் கண்ணாலேயே சமாளித்தாள். நடுவர் கோபுரத்தில், முன்னுரிமை யாரிடமோ அவள் சட்டை நிறத்தில் ஒரு தட்டு மாட்டியிருப்பார்கள். எதிராளியின் தோளையும் அந்தத் தட்டையும் மாறி மாறிப் பார்த்தே இறுதிப் போட்டி வரை வந்துவிட்டாள். இறுதிப் போட்டி பிற்பகலில் வைக்கப்பட்டது. சூரியன் கோபுரத்துக்கு நேர் பின்னால் இறங்கியது. நீரிலிருந்து பார்த்தால் கோபுரம் மொத்தமும் கறுப்பாகத்தான் தெரிந்திருக்கும்.

அண்ணிக்குச் சிவப்புச் சட்டை. எதிரே மஞ்சள் சட்டையில் அவளைவிட மிகவும் இளையவள் ஒருத்தி. அண்ணி முன்னிலையில் இருந்தாள், முன்னுரிமையும் அவளிடம். ஓர் அலை வந்தது. இரண்டு கை போட்டாள், பிடிக்கவில்லை, பின்வாங்கினாள். அதை அவள் முயற்சியாகவே எண்ணவில்லை. பலகை அலையில் சாய்ந்துவிட்டது, அது முயற்சிதான் என்று நடுவர்கள் முடிவு செய்தார்கள்.

"சிவப்பு முன்னுரிமையை இழந்தார். முன்னுரிமை மஞ்சளுக்கு," என்றான் அண்ணன், ஒரு தரம்.

அடுத்த அலை பெரியது. மஞ்சள் சட்டை அதில் எழுந்தாள். வழக்கம்போல அண்ணியும் எழுந்து அவள் முன்னால் குறுக்கே இறங்கினாள். கரையில் எல்லாரும் ஓவென்று கத்தினார்கள். அண்ணி அதைக் கைதட்டல் என்று நினைத்திருக்க வேண்டும், கையை வேறு உயர்த்தினாள்.

"சிவப்பு குறுக்கீடு," என்று அதே குரலில் அறிவித்தான் அண்ணன். பட்டம் மஞ்சள் சட்டைக்குப் போயிற்று.

அறுவை சிகிச்சை பிறகு நடந்தது. இடது காது தேறிவிட்டது, வலது காது போனது போனதுதான். அதன்பின் அவள் போட்டிக்குப் போகவில்லை. இன்று பலகை பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கிறாள். முகமூடி போட்டுக்கொண்டு பலகையைத் தேய்த்துக்கொண்டிருப்பாள். பேசவேண்டியவர்கள் இடப்பக்கம் சுற்றிவர வேண்டும். கூலியில் பேரம் பேசுகிறவர்களுக்கு மட்டும் வலப்பக்கத்தைக் காட்டுவாள்.

ஆனால் நான் சொல்ல வந்தது தோற்ற அன்று சாயங்காலம் சமையலறையில் நடந்தது. அண்ணி தொட்டியில் நீச்சலுடையை அலசிக்கொண்டிருந்தாள். நான் மேசையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அண்ணன் வந்து அவள் இடப்பக்கமாக நின்றான். அந்தப் பக்கத்தை அவன் தேர்ந்தெடுத்ததை அவளும் கவனித்தாள்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். எத்தன நாளு காலிங் பெல்ல அடிச்சு அடிச்சுப் பாத்துட்டு, நானே சாவி போட்டு உள்ள வந்திருக்கேன்."

"தெரிஞ்சுமா ஒரு தரம் சொன்னீங்க?"

"மஞ்சச் சட்டைக்கும் ஒரு தரந்தானே."

அண்ணி தலையை ஆட்டினாள். அதில் அவளுக்கு வருத்தமில்லை என்று எனக்குத் தெரிந்தது. ஒரு பருவம் முழுக்க எதற்குப் பயந்தாளோ, அதை அவன் செய்யவில்லை.

"கொடி கேட்டிருக்கலாமே," என்றான் அண்ணன்.

"என்ன கொடி?"

"காது கேக்காதவங்களுக்குக் கரையில கொடி காட்டுவாங்க. விதியிலயே இருக்கு. ஆனா போட்டியாளரே வந்து கேக்கணும். நீ சொல்லுவ, சொல்லுவன்னு பாத்துட்டே இருந்தேன்."

அண்ணியின் கை நின்றது. கோபம் வந்தால் அவளுக்கு மரியாதை பறந்துவிடும்.

"வீட்டுல கேட்டிருக்கலாமே நீ! 'என்னடி, காதுக்கு என்ன'ன்னு ஒரு வார்த்த! கேட்டிருந்தா நான் அப்பவே ஆஸ்பத்திரியிலல்ல படுத்திருப்பேன்! காதாவது மிஞ்சியிருக்குமே!"

அண்ணி குழாயை வேகமாகத் திறந்துவிட்டு, முதுகைக் காட்டித் துணியைப் போட்டுக் கசக்கினாள்.

அண்ணன் கதவருகே போய் அழுதான். விசும்பலாக இல்லை, குரல் விட்டே அழுதான். அண்ணி துணியைக் கசக்கிக்கொண்டே இருந்தாள். வேண்டுமென்றே திரும்பாமல் இருக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு உறைத்தது, அவளுக்கு அது கேட்கவே இல்லை. கத்தியை வைத்துவிட்டு எழுந்துபோய் அவள் தோளைத் தொட்டேன்.