திறக்காத கதவும் எங்கள் அத்தானும்

எங்கள் அத்தான் லிஃப்டில் ஏற மாட்டார். லிஃப்ட் பழுதுபார்க்கச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சி நிலையத்திலேயே வேலை பார்த்துக்கொண்டு, ஏற மாட்டார். தன் வகுப்புக்குப் படியேறிப் போய், மூச்சு வாங்க நாற்காலியில் சாய்ந்த பிறகுதான் பாடம். மூடிய கதவு என்றாலே நெஞ்சை அடைக்குமாம். வீட்டில் குளியலறைக் கதவுக்குக்கூடத் தாழ்ப்பாள் போட்டதில்லை. உள்ளே இருந்து சத்தமாகப் பாடுவார், நாங்கள் புரிந்துகொள்ள வேண்டும். இப்படிப்பட்டவரைத்தான் அக்கா ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டாள்.

நான் அதே இடத்தில் பட்டறை ஆசிரியன். கதவு, கம்பிவடம், மோட்டார் எல்லாம் என் பாடு. அத்தான் இலக்கியம். லிஃப்ட் மெக்கானிக்குக்கு இலக்கியம் எதற்கு என்று என்னைக் கேட்காதீர்கள். எப்போதோ யாரோ பாடத்திட்டத்தில் ஒரு பழைய சோக நாடகத்தைச் சேர்த்தார்கள், எடுக்க மறந்துவிட்டார்கள். அந்த மறதியில்தான் அத்தானின் பிழைப்பு ஓடியது. பிழைப்பு என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். அந்த நாடகம் அவருக்கு உயிர்.

கதை இவ்வளவுதான். எதிரிகள் சூழ்ந்த கோட்டை. மூடிய கதவை விடியும்வரை திறப்பதில்லை என்று ராஜா ஊர் முன்னால் சத்தியம் செய்கிறான். இருட்டில் வந்து கதவைத் தட்டுவது அவன் மகன், உடம்பெல்லாம் காயம். குரல் யாருடையது என்று ராஜாவுக்குத் தெரிகிறது. இருந்தும் திறக்கவில்லை. விடிந்து திறந்தால் மகன் பிணமாகக் கிடக்கிறான். இந்த இடம் வந்தால் அத்தான் அழுவார். மாணவர்கள் கை தூக்குவார்கள்.

"சார், வெளிய ஆள் நிக்கும்போது திறக்கலன்னா அது கதவோட கோளாறுதானே?"

"அவசரச் சாவி இல்லையா சார்?"

ராஜாவின் வீழ்ச்சிக்குக் காரணம் என்ன என்ற தேர்வுக் கேள்விக்கு ஒருவன், 'பராமரிப்புக் குறைவு' என்று எழுதிவைத்தான். அவர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஆள் மாட்டிக்கொண்டால் முதலில் கதவைத் திற, மற்றதை அப்புறம் பேசு என்று அவர்கள் மண்டையில் ஏற்றியவன் நான்.

புதிதாக வந்த பிரின்சிபால் அம்மாவுக்கு இதெல்லாம் தெரியவந்தது. நாடகத்தை எடுத்துவிட்டு, வாடிக்கையாளரிடம் போனில் பேசுவது எப்படி என்று வகுப்பு வைக்கலாம் என்றார். அத்தான் முகம் இருண்டுவிட்டது. கெஞ்சிக் கூத்தாடி ஒரே ஒரு வாய்ப்பு வாங்கினார். மாணவர்கள் அந்தக் காட்சியை நடிக்க வேண்டும். ராஜா ஏன் திறக்கவில்லை என்று அவர்களில் ஒருவனாவது தன் வாயால் சொல்லிவிட்டால் நாடகம் இருக்கும். இல்லாவிட்டால் போன் வகுப்பு.

"ஹலோ சொல்லிக்குடுக்கறதுக்கு நான் செத்துப்போயிடலாம்" என்றார் வீட்டில்.

"சாகறதுக்கு முன்னாடி பால் வாங்கிட்டு வந்துடுங்க" என்றாள் அக்கா.

பட்டறையில் இருந்த பயிற்சி லிஃப்டின் கதவுதான் கோட்டைக் கதவு. லிஃப்டுக்குள் நின்று தட்டுபவன் இளவரசன், வெளியே மேடையில் ராஜாவும் காவலர்களும். ராஜா வேடம் ஸ்பேனருக்கு. எந்த நேரமும் கையில் ஸ்பேனரோடு திரிவதால் அந்தப் பெயர். யாராவது அவசரச் சாவியோடு பக்கத்தில் நிற்காமல் அந்தக் கதவை மூடக் கூடாது என்பது என் கண்டிப்பு. அதனால் சாவி ராஜா இடுப்பிலேயே தொங்கியது. வந்தது வினை. ஒத்திகையில் மகன் தட்டியதுமே ஸ்பேனர் திறந்துவிடுவான். அவனைத் திட்டினால் காவலர்கள் திறந்தார்கள். ஒரு தடவை இளவரசன் கோட்டைக்குள் வந்து தண்ணீர் குடித்துவிட்டு நன்றி சொல்லிப் போனான்.

"கை தானா போகுது சார்" என்றான் ஸ்பேனர்.

அத்தான் பொறுமை இழந்தார். "எல்லாரும் என் தலைமேல கை வச்சு சத்தியம் பண்ணுங்கடா. என்ன நடந்தாலும், விடியல் மணி அடிக்கிறவரைக்கும் சாவி கதவுல படக்கூடாது!"

வரிசையாக வந்து அவர் வழுக்கையில் கைவைத்துச் சத்தியம் செய்தார்கள். ஸ்பேனர் கைகளில் கிரீஸ் வேறு.

நாடகத்தன்று இளவரசனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வசனம் முழுவதும் மனப்பாடமாகத் தெரிந்தவர் அத்தான் ஒருவர்தான். "லிஃப்டுக்குள்ள நீங்களா?" என்றேன். "கவலைப்படாத மச்சான். அந்தக் கதவு எப்பவும் ஒரு சாண் திறந்தேதானே நிக்கும்?" என்றார். வாஸ்தவம், பல வருஷமாக அப்படித்தான் நின்றது.

காட்சி தொடங்கியது. கதவு சத்தமே இல்லாமல், ஒரு நூல்கூட இடைவெளி இல்லாமல், வழுக்கிக்கொண்டு வந்து மூடியது. பிரின்சிபால் வருகிறாரே என்று பையன்கள் காலையில்தான் அதைப் பழுது பார்த்திருந்தார்கள். நானே முதுகில் தட்டிக்கொடுத்திருந்தேன். எவ்வளவு அழகாக மூடுகிறது என்று பூரித்துப்போய் உட்கார்ந்திருந்த எனக்கு, உள்ளே இருப்பது யார் என்பது அப்புறம்தான் உறைத்தது.

"தந்தையே! என் குரல் தெரியவில்லையா?" என்று கணீரென்று வந்தது. அடுத்த "தந்தையே" நடுங்கியது. அதற்கடுத்து, "டேய் ஸ்பேனர்! திறடா! நெஜமாத்தான் சொல்றேன், நெஞ்சை அடைக்குது!"

"என்ன நடிப்பு!" என்றார் பிரின்சிபால். நான் எழுந்தேன். "உட்காருங்க சார், மறைக்குது" என்றார்.

காற்றுத் துளைகள் இருந்தன, ஆபத்து இல்லை. ஆனால் அவர் பயம் எனக்குத் தெரியும். மேடைக்கு ஓடினேன். "திறடா!"

ஸ்பேனர் சாவியைக் கையில் பிடித்தபடி நின்றான். "அவர் தலைமேல சத்தியம் பண்ணிருக்கேன் சார். திறந்து அவருக்கு ஏதாவது ஆயிட்டா?"

"திறக்கலன்னாதாண்டா ஆகும்!"

"ரெண்டு பக்கமும் மாட்டிக்கிட்டேன் சார்" என்று அழுதான். சாவியைப் பிடுங்கப் போனேன். காவலர்கள் ஈட்டிகளைக் குறுக்கே நீட்டினார்கள். அவர்களும்தானே சத்தியம் செய்திருந்தார்கள்.

விடியலைச் சீக்கிரம் கொண்டுவருவதுதான் ஒரே வழி என்று ஸ்பேனர் கண்டுபிடித்தான். ஆனால் ராஜாவின் புலம்பல் முடிந்தால்தான் மணி. கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு, அந்த நீளமான புலம்பலை ஒரு வரி விடாமல், விக்கி விக்கி, ஓட்டமாகச் சொன்னான். உள்ளே தட்டும் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. பட்டறையில் ஒருவரும் அசையவில்லை. மணி அடித்தது. திறந்தான்.

அத்தான் தரையில் ஈரத்துணியாகக் கிடந்தார். தண்ணீர் தெளித்து உட்காரவைத்தோம். பிரின்சிபால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி ஸ்பேனரைக் கேட்டார்: "ராஜா ஏன்பா திறக்கல?"

"தெரியாம இல்லங்க மேடம். சாவி கையிலதான் இருந்துச்சு. திறக்கணும்னு உயிர் துடிச்சுது. குடுத்த வாக்கு கையைப் பிடிச்சுக்கிச்சு. அதான் மேடம் கொடுமையே."

"நாடகம் இருக்கட்டும்" என்றார் பிரின்சிபால்.

அத்தான் வாழ்நாள் முழுவதும் காத்திருந்த பதில். அவர் காதில் அதில் பாதிதான் விழுந்தது.

"சாவி கையில இருந்துச்சா?" தள்ளாடி எழுந்து ஸ்பேனரின் சட்டையைப் பிடித்தார். "கையில சாவிய வச்சுக்கிட்டு வசனமாடா பேசிட்டிருந்த? ஒரு திருப்பு திருப்பினா முடிஞ்சுபோற விஷயம்! அறிவு வேண்டாம்?"

இந்த வருடமும் வகுப்பில், மகன் பிணமாகக் கிடக்கும் அந்த இடம் வந்தது. புதுப் பையன் ஒருவன் கை தூக்கி, "அவசரச் சாவி இல்லையா சார்?" என்றான். அத்தான் புத்தகத்தை மூடினார்.

"இருந்துச்சுப்பா" என்றார். அதற்கு மேல் பேச முடியாமல் அழுதார்.