இரண்டு ஆடுகளுக்கு மாற்றிய டிராக்டர்

இன்ஜின் இரண்டு முறை குலுங்கி அடங்கியதும் லஸ்ஹர் கையிலிருக்கும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிடுவார். திட்டமாட்டார், டயரை உதைக்கமாட்டார். கந்தைத் துணியில் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டு அத்திமரத்தடிக்குப் போவார். அங்கே கவிழ்த்து வைத்த ஆலிவ் எண்ணெய் டின்மேல் உட்கார்ந்து வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். தேநீர் வரும். அது உள்ளே போன பிறகுதான் ஸ்பேனர்.

"கோவத்தோட கை வச்சா நம்மளே ரெண்டு வேலை கூட்டிடுவோம்" என்பார். பாஜா சமவெளியின் அரசுப் பண்ணையில் இருபத்தாறு வருடம் டிராக்டர் ஓட்டியவர். வாலிபத்தில் ஒருநாள் ஆத்திரத்தில் ஒரு போல்ட்டை முறித்து, அறுவடையையே இரண்டு நாள் நிறுத்திவைத்தார். அன்றிலிருந்து இந்தத் தேநீர்ச் சட்டம். அவர் மனைவி ஷாத்லியா போடும் தேநீரோ அவசரத்துக்கு வருகிற சரக்கல்ல. மண் அடுப்பில் கரி கனிந்து, இலை கொதித்துக் கொதித்துக் கறுத்து, புதினாவோடு வாசல் தாண்ட அரைமணி நேரம் ஆகும்.

டிராக்டரும் அந்தப் பண்ணையினுடையதுதான். லஸ்ஹர் இருபது வயதில் ஏறி உட்கார்ந்த அதே சிவப்பு வண்டி. பண்ணையை மூடியபின் யார் யாரிடமோ கைமாறி, கடைசியில் ஒரு இடையனின் கொட்டிலில் கோழி அடைய நின்றது. லஸ்ஹர் அதைக் கண்டதும் வீட்டுக்கு ஓடிவந்து, பெருநாளுக்கென்று ஷாத்லியா புட்டிப்பால் கொடுத்து வளர்த்த இரண்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு, இதை இழுத்துவந்தார். மனைவியிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

இரண்டு வருடமாக ஷாத்லியா அந்த டிராக்டரை 'ஆடு' என்றுதான் சொல்கிறார்.

"உன் ஆடு இன்னைக்கும் படுத்துக்கிச்சா?"

"படுக்கல. யோசிக்குது."

"நல்லா யோசிக்கட்டும். நீதான் யோசிக்காம ஓட்டிட்டு வந்தியே."

லஸ்ஹர் சிரிப்பார். ஆனால் அந்தப் பேச்சு அவருக்குள் எங்கேயோ போய்த் தைக்கும். வீட்டுக்கு வேண்டாத ஒன்றைக் கட்டி அழுகிறோம் என்ற நினைப்பு அவரை விட்டதே இல்லை.

இறுகிப்போன பிஸ்டனை மாதக்கணக்கில் எண்ணெயில் ஊறவைத்து விடுவித்தார். உடைந்த இருக்கைக்கு ஆட்டுத்தோல் போர்த்தினார். கோடையில் வண்டி ஓடியது, நன்றாகவே ஓடியது. ஆகஸ்டில் புதுச் சிவப்புப் பெயின்ட் அடித்து முற்றத்தில் நிறுத்தியதும் அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடிவிட்டார்கள். "மணப்பொண்ணு மாதிரில்ல இருக்கு!" என்றாள் ஒருத்தி. கண் படாமலிருக்கச் சொல்லும் 'மாஷா அல்லா' யார் வாயிலிருந்தும் வரவில்லை. ஷாத்லியாவின் உதடு இறுகியதை லஸ்ஹர் கவனித்தார். மறுநாள் ஷாத்லியா டிராக்டரைச் சுற்றிச் சுற்றி வந்தார். கேட்டதற்கு, கோழி எங்கே முட்டையிட்டிருக்கிறது என்று தேடுகிறேன் என்றார்.

நின்றுபோகும் வியாதி அதற்கப்புறம் வந்ததுதான். கிளப்பினால் உடனே கிளம்பும். இருபது நிமிடம் உழும். பிறகு மூச்சுமுட்டியதுபோல் தடுமாறி நின்றுவிடும். தேநீர் குடித்துவிட்டு வந்து, குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றிக் கிளப்பினால் மறுபடி இருபது நிமிடம்.

ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் மாற்றவேண்டும் என்பது லஸ்ஹரின் இன்னொரு சட்டம். டீசல் வடிகட்டியை மாற்றி ஓட்டினார், நின்றது. பம்ப்பைப் பிரித்து உள்ளிருந்த ரப்பர்த் தகட்டை மாற்றினார், நின்றது. இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சுத்தம் செய்தார். இணைப்புகளுக்கெல்லாம் புதுச் செம்பு வளையம் போட்டார். அப்படியும் இருபது நிமிடம்தான். டீசல் தொட்டியின் அடிக்குழாயைக் கழற்றிப் பார்க்கும்போதெல்லாம் டீசல் தாராளமாகக் கொட்டும். "தொட்டியைச் சந்தேகப்படாத. நானே கழுவினது. அதுல தண்ணி ஊத்திக் குடிக்கலாம்" என்று கேட்காதவர்களிடமும் சொல்வார்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது காப்பிக்கடையில். பழைய இரும்பு வாங்கும் ஹம்மாதி சீட்டுக்கட்டைக் கலைத்துக்கொண்டே, "கூயா, சகோதரா, உன் வண்டி அலுப்பு தெரியாம உழும்போல. இருபது நிமிஷத்துக்கு ஒருதடவை ஓய்வாமே!" என்றார். கடை முழுக்கச் சிரித்தது. லஸ்ஹருக்குச் சுருக்கென்றது.

"முதல் மழை விழட்டும். எங்க மேட்டுச்சரிவு நிலம் முழுசையும் நிக்காம உழுது காட்டறேன். நின்னுச்சுன்னா உன் லாரியைக் கொண்டுவந்து அள்ளிட்டுப் போ. ஒரு ஆணிகூட எனக்கு வேண்டாம்."

இத்தனை பேர் முன்னால் சொன்ன சொல். திரும்ப வாங்கமுடியாது.

அக்டோபர் கடைசியில் மழை விழுந்தது. வியாழக்கிழமை காலையில் மண் பதமாகிவிடும் என்று ஊரே சொன்னது. ஹம்மாதியும் லாரியோடு வருவதாகச் சொல்லியனுப்பினார். புதன்கிழமை மத்தியானம் லஸ்ஹர் கடைசித் தடவையாக வீட்டுக்குப் பின்னால் இருக்கும் துண்டு நிலத்தில் ஓட்டிப் பார்த்தார். இருபதாவது நிமிடத்தில் நின்றது.

பழக்கம்போல ஸ்பேனரைக் கீழே வைத்தார். விரல்களைத் துடைத்தார். டின்மேல் உட்கார்ந்து வாசலைப் பார்த்தார். அடுப்பில் புகையே இல்லை.

"ஷாத்லியா! டீ?"

"நாளைக்குத்தான் அதை வெட்டி எடுத்துட்டுப் போகப் போறானே. இன்னைக்கு என்னத்துக்கு டீ?" என்று உள்ளிருந்து குரல் வந்தது. அந்தக் குரல் சரியாக இல்லை. சந்தோஷப்படுவாள் என்றல்லவா லஸ்ஹர் நினைத்திருந்தார்.

என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்தார். ஆறாத இன்ஜினுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, தேநீர் இல்லாமல், ஆத்திரத்தோடேயே தொட்டியின் அடிக்குழாயைக் கழற்றினார்.

டீசல் கொட்டவில்லை. சொட்டியது.

அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் சொட்டு நூலாயிற்று. பிறகு அடைப்பு விட்டதுபோல் கட்டை விரல் தடிமனுக்குக் கொட்டியது. லஸ்ஹர் தலையில் கைவைத்துக்கொண்டார். தொட்டிக்குள் ஏதோ கிடக்கிறது. இன்ஜின் உறிஞ்சும்போது அது மெல்ல நகர்ந்து வந்து வாயை அடைக்கிறது. நின்ற பிறகு தானாக விலகிக்கொள்கிறது. இத்தனை நாளும் அவர் தேநீர் குடித்து முடிப்பதற்குள் அது விலகிப் போயிருக்கிறது.

கம்பியை வளைத்து மேல்வாய் வழியாகத் துழாவினார். ஒரு சின்னத் துணிமுடிச்சு வந்தது. அவருடைய பழைய நீலக்கோடு போட்ட சட்டைத் துணி. பிரித்தால் கொஞ்சம் கருஞ்சீரகம், வீட்டுவாசலில் தொங்குவதுபோல ஒரு தகர மீன், பொடிசு. எல்லாம் கண்ணேறு கழிக்க. வாயைத் தைத்திருந்த நெருக்கமான சிவப்புத் தையல் அவருக்கு நன்றாகத் தெரியும். முப்பத்தைந்து வருடமாக அவர் சட்டைக் காலர்களைக் காப்பாற்றிவரும் தையல் அது.

லஸ்ஹர் டின்மேல் உட்கார்ந்தார். வாயால் ஆடு ஆடு என்று கரித்துக்கொட்டிவிட்டு, யார் கண்ணும் எட்டாத இடமாகப் பார்த்து அதன் வயிற்றுக்குள்ளேயே காவல் வைத்திருக்கிறாள். அவள் மனசு தெரியாமல் இரண்டு வருடமாக ஒரு திருடனைப்போல இந்த முற்றத்தில் வேலை பார்த்திருக்கிறோமே என்று நினைத்தபோது அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. முடிச்சைப் பிழிந்து சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

குழாயை மாட்டிக் கிளப்பினார். டிராக்டர் சூரியன் இறங்கும்வரை ஓடியது. ஷாத்லியா கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"நிக்கலையே! என்ன கோளாறு?"

"தொட்டிக்குள்ள அத்தி இலை விழுந்து கிடந்துச்சு."

"அத்தி இலையா?"

"ஆமா. காத்துல வந்திருக்கும்."

ஷாத்லியா டீசல் மூடியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் முகம் சிவந்தது. உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தார்.

வியாழக்கிழமை விடிந்தபோது ஸ்டீயரிங்குக்குக் கீழே புதிதாக ஒரு காலி ஹரிஸ்ஸா மிளகாய் விழுது டப்பா முளைத்திருந்தது. கழுவி, இரண்டு போல்ட் போட்டு இறுக்கி, திறந்து மூட ஒரு தகர மூடியும் வைத்திருந்தார் லஸ்ஹர். ஷாத்லியா தேநீரோடு வந்தபோது, "சும்மாதான். ஏதாவது போட்டு வைக்கலாமேன்னு. மூடினா யார் கண்ணுக்கும் தெரியாது" என்றார்.

ஷாத்லியா தம்ளரை மட்கார்டுமேல் வைத்துவிட்டு வீட்டுக்குள் போனார். திரும்பி வந்தபோது ஒரு கை மூடியிருந்தது.

தெருவில் ஹம்மாதியின் லாரி ஹாரன் அடித்தது. "கூயா! வர்றியா, இல்ல இப்பவே ஏத்திடட்டுமா?"

"இரு, ஒரு போல்ட் தளர்ந்திருக்கு!" என்று கத்தினார் லஸ்ஹர். விடியற்காலையிலேயே இரண்டு தடவை இறுக்கிய முன்சக்கர போல்ட் அது. மனைவிக்கு முதுகைக் காட்டிக் குந்தி உட்கார்ந்து அதில் ஸ்பேனரை மாட்டினார். பின்னால் தகர மூடி டக்கென்று சாத்தும் சத்தம் கேட்கிறவரை, தலையைத் திருப்பாமல் முறுக்குவதுபோலவே முறுக்கிக்கொண்டிருந்தார்.