மாஸ்கோவிலிருந்து வந்த "நம்பலை"

போன சனிக்கிழமை நான் டீ குடித்துக்கொண்டிருந்தபோது கணேசன் சார், "நம்பலை!" என்று கத்தினார்.

நான் நிஜமாகவே டீதான் குடித்துக்கொண்டிருந்தேன். அது ஒத்திகைக்கு நடுவே விட்ட இடைவேளை.

பர் துபாயில் ஒரு உணவகத்தின் மாடியில் பார்ட்டி ஹால். பொங்கல் விழாவுக்கு எங்கள் தமிழ்ச் சங்கம் போடும் நகைச்சுவை நாடகத்துக்கு அங்கேதான் ஒத்திகை. கதை எளிமையானது. கணவன் ஆபீஸ் முடிந்து வீட்டுக்கு வருகிறான். சொல்லாமல் கொள்ளாமல் விசிட் விசாவில் வந்திறங்கிய மாமியார் உள்ளே உட்கார்ந்திருக்கிறார். எனக்குப் பக்கத்து ஃபிளாட்காரர் வேடம். மூன்று வசனம். அதில் ஒன்று தும்மல்.

இயக்குநர் கணேசன் சாருக்கு அலுமினிய ஜன்னல் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர் வேலை. நாள் முழுக்க ஜன்னல்களை ரிஜெக்ட் செய்வதற்குச் சம்பளம் வாங்குபவர். ஆனால் நாடகத்தில் பரம சாது. "சத்தமா பேசுங்க, மைக் பக்கத்துல நில்லுங்க" — அவருடைய நாடகக் கொள்கை முழுவதும் இதில் அடங்கிவிடும். போன ஈத் விடுமுறை வரைக்கும்.

அந்த விடுமுறைக்கு டூர் பேக்கேஜில் மாஸ்கோ போனார். ஒரு நாள் வெளியே மழை, உள்ளே ஹீட்டர் என்ற ஒரே காரணத்துக்காக ஒரு மியூசியத்துக்குள் நுழைந்தார். ரஷ்யாவின் மாபெரும் நாடக இயக்குநர் ஒருவர் வாழ்ந்த வீடு அது. மழை விட்டும் இவர் வெளியே வரவில்லை. பஸ் இவருக்காகக் காத்திருந்ததாம்.

அந்த ரஷ்யரின் பெயரைக் கணேசன் சார் வாரத்துக்கு ஒரு விதமாக உச்சரிப்பதால், நாங்கள் 'பெரியவர்' என்றே வைத்துக்கொண்டோம்.

பெரியவரின் கதை சுவாரசியமானதுதான். ஆலை முதலாளி வீட்டுப் பிள்ளை. நடிக்கப்போவது வீட்டுக்குத் தெரிந்தால் வம்பு என்று வேறு பெயர் வைத்துக்கொண்டு மேடை ஏறினார். ஒரு நண்பரோடு ஹோட்டலில் மதியம் பேச உட்கார்ந்தவர், மறுநாள் காலையில்தான் எழுந்தார். அதற்குள் ஒரு நாடகக் குழு பிறந்திருந்தது. (எங்கள் சங்கக் கூட்டமும் அவ்வளவு நேரம் நடப்பதுண்டு. பிறப்பது இன்னொரு சங்கம்.)

கையை விரித்து, குரலை உயர்த்தி முழங்கினால் நடிப்பு என்றிருந்த காலம் அது. அவரோ, அந்த நிலைமையில் நீ இருந்தால் என்ன செய்வாயோ அதைச் செய் என்றார். ஒத்திகையில் பொய்யாகத் தெரிந்தால், அவர் உட்கார்ந்திருக்கும் இருட்டிலிருந்து "நம்பலை" என்று குரல் வரும். மேடையிலேயே நெஞ்சுவலி வந்தபோதும் காட்சியை முடித்துவிட்டுத்தான் திரைக்குப் பின்னால் போனாராம். பிறகு நடிக்க முடியவில்லை. கடைசிவரை வீட்டிலேயே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். இன்று ஹாலிவுட்டிலிருந்து கோடம்பாக்கம் வரை நடிப்பு என்று யார் பேசினாலும், சுற்றி வளைத்து அவரிடம்தான் வந்து நிற்க வேண்டும்.

இப்போது அந்த வரிசையில் பர் துபாயும் சேர்ந்துகொண்டது.

பாவம், அதிகம் மாட்டியவர் ரவி. கணவன் வேடம். திருச்சிக்காரர், ஒரு கம்பெனியில் அட்மின் மேனேஜர். மனைவி வேடத்தில் அவருடைய மனைவி சுதா. மேடையில் ஜோடியாக நடிப்பவர்கள் நிஜத்திலும் ஜோடியாக இருக்க வேண்டும் என்பது எங்கள் சங்கத்தின் எழுதாத விதி. யதார்த்தத்துக்காக அல்ல... வீடுகளில் அமைதி நிலவத்தான்.

ரவி செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. ஆபீஸிலிருந்து வீட்டுக்கு வர வேண்டும்.

"நம்பலை. ஆபீஸ்லேருந்து வர்றவன் இப்படியா சிரிச்சுக்கிட்டு வருவான்? மறுபடி!"

மறுபடி வந்தார். மறுபடியும் நம்பலை. தினமும் செய்கிற காரியம் ஒரு மனிதனுக்கு இவ்வளவு கஷ்டமாக இருக்குமா? எனக்கே வியப்பாக இருந்தது.

போதாக்குறைக்கு, பெரியவர் மேடைக்கு நிஜப் பொருட்களையே கேட்பார் என்று அடுத்த ஆணை வந்தது. நான் என் வீட்டுச் சாவிக்கொத்தைக் கொண்டுபோனேன். சுதா ரவியின் லஞ்ச் பாக்ஸைக் கொண்டுவந்தார். ரவி கொண்டுவர வேண்டியது கழுத்தில் மாட்டும் ஆபீஸ் டேக். ஒரு வாரம் "கார்ல வச்சுட்டேன் சார்" என்றார். அடுத்த வாரம் "செக்யூரிட்டி பாலிசி சார், வெளியில காட்டக் கூடாது" என்றார்.

போன சனிக்கிழமை கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"அப்படி வாங்க! ஆனா டேக் திரும்பியே தொங்குதே. போட்டோ ஆடியன்ஸுக்குத் தெரியணும்" என்று கணேசன் சார் கையை நீட்டினார். ரவி பின்வாங்குவதற்குள் இன்ஸ்பெக்டர் கை அதைத் திருப்பிவிட்டது.

உள்ளே இருந்தது மெட்ரோ ரயில் கார்டு.

ரவியின் முகத்தைப் பார்த்ததும் எங்கள் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. வேலை போய்விட்டது. நிஜ டேக்கைக் கம்பெனி வாங்கிக்கொண்டுவிட்டது. மனிதர் தினமும் காலையில் டை கட்டி, லஞ்ச் பாக்ஸோடு கிளம்பி, ஏதோ ஒரு மாலின் ஃபுட் கோர்ட்டில் உட்கார்ந்து வேலை தேடிக்கொண்டிருக்கிறார். விசா முடிவதற்குள் கிடைக்காவிட்டால் குடும்பத்தோடு ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான். மகள் பத்தாம் வகுப்பு. பரீட்சைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது.

சுதாவுக்கு இதெல்லாம் இப்போதுதான் தெரிகிறது என்று நினைத்து, அவரைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

சுதா சோபாவிலிருந்து எழுந்தார். அந்தக் காட்சியில் அவர் எழ வேண்டியதுதான். 'வந்துட்டீங்களா? டீ போடட்டுமா?' என்பது வசனம். அவர் நேராக வந்து, ரவியின் கழுத்திலிருந்து டேக்கைக் கழற்றினார்.

"போதும்ங்க. ரெண்டு மாசமா மாட்டிக்கிட்டது போதும். உக்காருங்க."

ரவி உட்காரவில்லை. "உனக்கு... தெரியுமா?"

"பாப்பாவுக்குக் காய்ச்சல்னு கிளினிக் போனேன்ல, அன்னிக்கே தெரியும். கார்டு ஆக்டிவ் இல்லைன்னுட்டாங்க."

கம்பெனி ஆளை வேலையை விட்டு அனுப்பினால் குடும்பத்தின் இன்ஷூரன்ஸ் கார்டும் கூடவே செத்துவிடும். வளைகுடாவில் இது குழந்தைக்கும் தெரியும். டை, டேக், லஞ்ச் பாக்ஸ் என்று எல்லாவற்றையும் யோசித்த அட்மின் மேனேஜருக்கு அது மட்டும் தோன்றவில்லை!

"அப்புறம் ஏன் தினமும் லஞ்ச் கட்டின?" என்றார் ரவி.

"நீங்க கிளம்புனீங்களே."

மாமியார் வேடம் போட்ட அம்மா பகிரங்கமாகவே அழுதார். அவர் அழுகையை மட்டும் அன்றுதான் முதல் முறையாக நம்ப முடிந்தது.

யோசித்துப் பார்த்தால், இங்கே நடிக்காதவர் யார்? எட்டுப் பேர் படுக்கும் ரூமில், சுவரின் நல்ல மூலையாகப் பார்த்து உட்கார்ந்துதானே ஊருக்கு வீடியோ கால் போடுகிறோம்? "எனக்கென்ன, சூப்பரா இருக்கேன்!" எதிர்ப்பக்கம் இருப்பவர்களும் சந்தோஷமாகத் தலையாட்டுகிறார்கள். அவர்கள் நம்பிவிட்டார்கள் என்று நாம் நம்புகிறோம். நடிப்பவனைவிட, நம்பியதுபோல் நடிப்பவருக்குத்தான் வேலை அதிகம் என்பது எனக்கு இந்த வயதில்தான் புரிகிறது.

கணேசன் சார் ஸ்கிரிப்டைப் புரட்டினார். தொண்டையைச் செருமினார். "கலாஸ். இன்னிக்கு இது போதும்" என்று சொல்லிவிட்டு, கீழே போய் எல்லோருக்கும் மசால் தோசை ஆர்டர் செய்தார். சுதாவைப் பார்த்து அவர் இதுவரை ஒரு தடவைகூட "நம்பலை" என்று சொன்னதில்லை என்பது தோசை வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

(இதை எழுத ரவியிடமும் சுதாவிடமும் அனுமதி வாங்கினேன். அவர்கள் பெயர்களை மாற்றியிருக்கிறேன். கணேசன் சார் மட்டும் தன் பெயரை மாற்ற வேண்டாம் என்றார்.)

திங்கட்கிழமை ரவியின் பயோடேட்டா கணேசன் சாரின் கம்பெனிக்குப் போனது. வரும் வியாழன் இன்டர்வியூ. நேற்று ஒத்திகை முடிந்ததும் சார் ரவியை ஓரமாக அழைத்து ஒரே ஒரு அறிவுரை சொன்னார்.

"தயவுசெஞ்சு அங்க போய் நடிச்சிடாதீங்க ரவி. எங்க எம்.டி. என்னை மாதிரி அஞ்சு வாரம் டைம் தர மாட்டார்."