புதன்கிழமையிலேயே நின்ற கடை

நான் ஒரு மடையன். இதில் உங்களுக்குச் சந்தேகம் இருந்தால், இன்று காலை குண்டசாலையில் என் வீட்டுக்குள் நடந்ததைக் கேளுங்கள். தொலைபேசியில் எந்தத் தளத்தைத் திறந்தாலும் ‘இது பாதுகாப்பானதல்ல’ என்று சிவப்பாக ஒரு பக்கம் வந்து மறித்தது. வங்கிச் செயலி என்னை உள்ளேயே விடவில்லை. நான் இணையக் கம்பெனிக்கு அழைத்து, என் தொழில் என்ன, அனுபவம் என்ன என்றெல்லாம் சொல்லி, அவர்களுடைய வேலையை அவர்களுக்கே கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் முறுக்கு தின்றபடி நின்ற மகள் என் சட்டையை இழுத்தாள்.

“அப்பா, கேம்ல உயிர் முடிஞ்சிருச்சு, நாள் போனாத்தான் புதுசு தருமாம். அதான் ஒங்க போன்ல தேதிய மாத்தி அடுத்த வருஷத்துக்குப் போய்ட்டு வந்தேன்.”

“வந்தியா?”

“வர மறந்துட்டேன்.”

இணையக் கம்பெனிக்காரரிடம் “சரி, பரவாயில்லை” என்று ஏதோ பெருந்தன்மையோடு மன்னிப்பவனைப்போலச் சொல்லிவிட்டு வைத்தேன். மகளைத் திட்ட வாய் வரவில்லை. அவள் கையிலிருந்த முறுக்கின் ஓம வாசம் என்னை நேரே கண்டிக்கு, மீன் கடைத் தெருவுக்குப் பின்னால் இருந்த எங்கள் பழைய மாடி அறைக்குக் கொண்டுபோய்விட்டது. இதே மடத்தனத்தை நான் அங்கே ஒருமுறை செய்திருக்கிறேன். அப்போது பழிபோட மகளும் இல்லை.

அந்த அறைக்குக் கீழே ஒரு பேக்கரி. மீன் வைத்த மாலுபணிஸ் வேகும் மணம் படியேறி வந்து, நாங்கள் எழுதும் நிரலுக்குள்ளும் புகுந்துவிடும். அதைக் கம்பெனி என்று நான்தான் சொல்லிக்கொண்டேன். மற்றவர்கள் ‘மேல் மாடி’ என்றார்கள். சிறு வியாபாரிகளுக்கு இணையக் கடை கட்டித் தருவது தொழில். ‘எங்கள் சேவர்’ என்று வாடிக்கையாளரிடம் கம்பீரமாகச் சொல்வேனே, கடைகளையெல்லாம் இணையத்தில் ஓட்டும் அது, என் மேசைக்கு அடியில் காலுக்கு இதமாகச் சூடு தந்துகொண்டிருந்த ஒரு பழைய கணினி. மழைக்காலத்தில் அதைவிட நல்ல கணப்பு கிடைக்காது.

பரமேஸ்வரி அக்கா நாவலப்பிட்டியிலிருந்து வந்தவர். தீபாவளிப் பலகாரப் பொதி செய்து விற்பார். ஆனால் அவர் கண்ட வழி யாருக்கும் தோன்றாதது. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் கொழும்புக் கடைகளிலும் கட்டாரிலும் வேலை செய்கிறார்கள். பண்டிகைக்கு வர லீவு கிடைக்காது. அவர்கள் அங்கிருந்து காசு கட்டினால், அக்காவின் ஆட்டோ அம்மா இருக்கும் லயத்து வரிசை வீட்டு வாசலில் போய் நிற்கும், ஓட்டுநர் இறங்கி, “செல்லம்மா மகன் குமார் அனுப்பினது!” என்று லயமே கேட்கக் கத்துவார். அந்தக் கத்தல்தான் உண்மையான சரக்கு, முறுக்கெல்லாம் அதற்குப் பிறகு என்பார் அக்கா.

கடையைத் திறக்க ஒரு புதன்கிழமைக்கு நாள் பார்த்திருந்தார். பொத்தானைத் தன் கையால்தான் அழுத்த வேண்டும் என்பது அவர் நிபந்தனை. அந்தப் புதன்கிழமை பார்த்து மண் சரிந்து பாதை மூடிவிட்டது. வியாழன் காலை, குங்குமமும் கற்பூரமும் ஒரு பை முறுக்குமாக வந்து கதிரையில் உட்கார்ந்தவர் முகம் வாடியிருந்தது.

“இன்னைக்குக் கரிநாளாமே தம்பி.”

சனிக்கிழமை தீபாவளி. வியாழன் மாலைக்குள் வரும் ஓடர்களைத்தான் வெள்ளியன்று ஆட்டோக்கள் ஏற்றிப்போக முடியும். இன்னொரு நல்ல நாளுக்குக் காத்திருக்க வழியில்லை. அவருடைய வாடிய முகத்தைப் பார்க்கச் சகிக்காமல், என் புத்தி வேலை செய்தது. என் புத்தி வேலை செய்யும்போதெல்லாம் யாராவது பிடித்து நிறுத்தியிருக்கலாம். சேவரின் திகதியைப் புதன்கிழமைக்குத் தள்ளி வைத்தேன். இணையத்தைப் பார்த்துத் தானாகத் திருத்திக்கொள்ளும் பழக்கம் அதற்கு உண்டு, அதையும் நிறுத்தினேன்.

“அக்கா, கம்ப்யூட்டருக்கு இன்னும் புதன்கிழமைதான். அழுத்துங்க.”

அவர் சிரித்தார். கற்பூரம் காட்டினார். அழுத்தினார். கடை திறந்தது. முதல் பொதியைத் தன் பெயரிலேயே, வீட்டில் வாங்கும்போது காசு தருவதாகச் சொல்லி, ஓடர் செய்தார். எல்லாம் சுபம். நான் கீழே போய் மாலுபணிஸ் வாங்கி வந்தேன்.

பணிஸ் பாதி தின்பதற்குள் கட்டாரிலிருந்து அவருடைய தம்பி அழைத்தார். கடையில் வங்கிக் காட் எடுக்கவில்லையாம். பிறகு கொழும்பிலிருந்து ஒரு பெண். பிறகு இன்னொருவர். நானே முயன்று பார்த்தேன். காட் வழியாக வரும் காசை வாங்கித் தர வேறொரு கம்பெனி இருந்தது. ‘காசு வாங்கும் கம்பெனியின் பாதுகாப்புச் சான்றிதழைச் சரிபார்க்க முடியவில்லை’ என்று சொல்லிச் சேவர் கதவைச் சாத்திக்கொண்டது.

நான் சும்மா இருப்பேனா? மின்னஞ்சலைத் துழாவினேன். அந்தக் காசு வாங்கும் கம்பெனியிலிருந்து அன்று காலையே ஒரு செய்தி: எங்கள் பாதுகாப்புச் சான்றிதழை இன்று புதுப்பித்திருக்கிறோம். அகப்பட்டுவிட்டான் குற்றவாளி! மாற்றியது அவர்கள், உடைந்தது எனக்கு. பிறகென்ன சந்தேகம்? அவர்களுக்குக் காரமாக ஒரு மின்னஞ்சல் போட்டேன். சேவரை அணைத்து ஏற்றினேன். நம்பத்தக்க சான்றிதழ்களின் பட்டியலைப் புதிதாக இறக்கினேன். தெரிந்த வைத்தியமெல்லாம் செய்தேன், நாடியை மட்டும் பிடித்துப் பார்க்கவில்லை.

அக்காவின் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொருவருக்கும் “கொஞ்சம் பொறுங்க, தம்பி பாத்துக்கிட்டு இருக்காரு” என்றார். ‘தம்பி’ என்ற அந்தச் சொல் ஒவ்வொரு முறையும் என் பிடரியில் விழுந்தது.

“வாங்கும்போது காசு குடுக்கிற மாதிரி எல்லாருக்கும் வச்சிருவமா அக்கா?”

“புள்ள அனுப்புன பலகாரத்துக்கு அம்மாவே காசு குடுக்கிறதா? நல்லா இருக்கே ஒங்க ரோசனை.”

அப்போதுதான் அந்தக் கெட்ட யோசனை வந்தது. சான்றிதழைச் சரிபார்க்காதே என்று ஒரு வரி எழுதினால் போதும், கடை ஓடும். எங்கள் தொழிலில் அவசரக்காரர்கள் எல்லோரும் ஒருநாள் அந்த வரிக்கு முன்னால் போய் நிற்பார்கள். விரல் விசைக்கு மேல் நின்றது. எதற்கும் அக்காவிடம் சொல்லி வைப்போம் என்று, “கேட்ல அடையாள அட்டைய பாக்காம ஆள உள்ள விடுற மாதிரிக்கா. இன்னைக்கு ஒருநாள்தானே” என்றேன்.

“அந்தக் கேட்டால போறது என்னா?”

“ஆளுங்களோட காட் நம்பர்.”

அவர் எழுந்துவிட்டார். “அப்ப வேணாம். வெயில்ல காய்ஞ்சு சம்பாதிக்கிற புள்ளைங்க. நான் ஒவ்வொருத்தருக்கா எடுத்து, இந்த வருஷம் முடியாதுன்னு சொல்லிர்றேன். முறுக்க ஸ்கூல் புள்ளைகளுக்குக் குடுத்தாப் போகுது.” தொலைபேசியில் முதல் எண்ணைத் தேடத் தொடங்கினார்.

“ஒரே ஒரு கோல் எடுக்கிறேன், அக்கா. அதுவரைக்கும் பொறுங்க” என்று கெஞ்சிவிட்டு, காசு வாங்கும் கம்பெனியின் உதவி எண்ணுக்கு அழைத்தேன். எடுத்தவர் யாழ்ப்பாணத்துப் பெண்.

“ஓம், சொல்லுங்கோ.”

“மிஸ், நீங்க சான்றிதழ மாத்தினதுல எங்க கடை படுத்துருச்சு.”

“மற்றக் கடையள் எல்லாம் ஓடுது. உங்கட மட்டும் ஏன் ஓடேல்ல எண்டு யோசிச்சனீங்களோ?”

நான் என் அனுபவத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் அதில் அக்கறை காட்டவில்லை.

“உங்கட சேவர்ல இப்ப என்ன திகதி காட்டுது?”

பார்த்தேன். காது சூடேறியது. “புதன்கிழமை.”

“இண்டைக்கு வியாழன்.”

“தெரியும், மிஸ்.”

“தெரிஞ்சுகொண்டோ விட்டனீங்கள்?”

கரிநாள் கதையைச் சொல்ல வேண்டியதாயிற்று. மறுமுனையில் அவர் தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு சிரிக்கிறார் என்பது விளங்கியது. அந்தச் சான்றிதழ் வியாழக்கிழமைதான் பிறந்தது. புதன்கிழமையில் குடியிருக்கும் என் சேவருக்கு அது இன்னும் பிறக்காத பிள்ளை. பிறக்காதவர் நீட்டும் அடையாள அட்டையை எந்தக் காவலாளிதான் ஏற்பான்? அந்த அறையிலேயே ஒழுங்காக வேலை செய்தது அந்தச் சேவர் ஒன்றுதான்.

“நல்ல நாள் முடிஞ்சுது எண்டு அதுக்குச் சொல்லுங்கோ” என்று அவர் வைத்துவிட்டார்.

திகதிக்கு மேல் கையை வைத்துக்கொண்டு அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். “மாத்தினா, கடை ஓடுறது கரிநாள்லதான் அக்கா.”

“காலையில நீங்க மாத்துனப்பவே அது கரிநாள்தான். கம்ப்யூட்டர ஏமாத்தலாம், சாமிய ஏமாத்தவா முடியும்? ஆசையா செஞ்சீங்களேன்னு சிரிச்சேன். மாத்துங்க.”

மாற்றினேன். கீழே பேக்கரித் தட்டுகள் மோதும் ஒலி மட்டும் கேட்டது. பிறகு கணினி ‘டிங்’ என்றது. கொழும்பிலிருந்து அழைத்த அந்தப் பெண்தான். அம்மாவுக்கு ஒரு பொதி, கூப்பிட வேண்டிய பெயரோடு. அடுத்து கட்டார். அக்கா பையிலிருந்து ஒரு முறுக்கை எடுத்து என் விசைப்பலகைமேல் வைத்தார். நான் அதைத் தின்றேனா என்று ஞாபகமில்லை. விசைகளுக்கு இடையில் ஓமம் மட்டும் நெடுநாள் கிடந்தது.

இப்போது அந்த மாடியில் தொலைபேசி உறை விற்கிறார்கள். பேக்கரி இல்லை. காலைச் சூடாக்கிய சேவர் பழைய இரும்புக்குப் போயிற்று. அக்காவின் கடை எந்தத் தேசத்தில் எந்தக் கணினியில் இருக்கிறது என்று எனக்கே தெரியாது. சான்றிதழ்கள் தம்மைத் தாமே புதுப்பித்துக்கொள்கின்றன. உதவி எண்ணுக்கு அழைத்தால் ஓர் இயந்திரம் ‘ஒன்றை அழுத்தவும்’ என்கிறது. பொத்திக்கொண்டு சிரிக்க அதற்குக் கையில்லை. பிள்ளைகளும் இப்போது லயத்து அம்மாவைத் தொலைபேசித் திரையிலேயே பார்த்துவிடுகிறார்களாம். ஆட்டோக்காரர் கத்துவதில்லை, குறுஞ்செய்தி அனுப்புகிறார்.

தொலைபேசியின் திகதியைச் சரிசெய்துவிட்டு, மகளின் கதையை எழுதி, கூடவே, “அக்கா, இந்தத் தீபாவளிக்குக் கடைய புதுசாக்கித் தர்றேன், நல்ல நாள் ஒன்னு சொல்லுங்க” என்று பரமேஸ்வரி அக்காவுக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது.

“மொதல்ல இன்னைக்கு என்ன தேதின்னு சொல்லுங்க.”