சந்தைச் சதுக்கத்து வீடு

எழுபதுகளில் மெல்பேணில் இருந்து இங்கிலாந்துக்குப் போனவர்கள் கோட்டை பார்க்கப் போனார்கள், அரண்மனை வாசலில் நின்று படம் எடுக்கப் போனார்கள். நான் போனது செத்த வீட்டுக்கு. அதுவும் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. மாரடைப்பில் தம்பி போய்விட்டான் என்று செய்தி வந்து, டிக்கெட் எடுத்து, நான் போய் இறங்கும்போது எல்லாம் முடிந்திருந்தது.

அம்மா அப்போது மெல்பேண் புறநகரான மல்கிரேவில் எங்களோடுதான் இருந்தார். அப்பா செத்தபிறகு யாழ்ப்பாணத்தை விட்டு வந்தவர், பிடிவாதத்தை மட்டும் விட்டு வரவில்லை. தம்பி இங்கிலாந்தில் படிப்பித்த ஊரிலேயே ஒரு பெண்ணைக் கட்டினான். அன்றிலிருந்து அம்மாவுக்கு அவள் 'அந்த வெள்ளைக்காரி'. மருமகள் என்ற சொல் அம்மாவின் வாயில் வந்ததே கிடையாது. மெல்பேணுக்கு வந்து எங்களைப் பார்க்கத் தம்பி ஆசைப்பட்டான். "வாறதெண்டால் நீ தனிய வா" என்று அம்மா போனில் சொல்லிவிட்டார். "தனிய வரமாட்டன் அம்மா" என்றான் அவன். தாய்க்குப் பிள்ளை தப்பாமல் பிறந்திருந்தது, வேறென்ன சொல்ல! கடைசிவரை அவன் வரவில்லை.

செய்தி வந்த நாளில் இருந்து அம்மா அழவும் இல்லை. நான் வெளிக்கிடும்போது குசினிக் கதிரையில் இருந்தபடி சொன்னார்:

"அவள் அவனை வடிவாப் பாத்தவளோ எண்டு அறிஞ்சு கொண்டு வா. எனக்கு அது தெரிஞ்சாக் காணும்."

அது ஒரு பழைய சந்தை ஊர். அரசர் காலத்தில் இருந்து கிழமைக்கு ஒருநாள் அங்கே சந்தை கூடுகிறதாம். கல் பதித்த சதுக்கம், நடுவே தூண்களில் நிற்கும் ஒரு பழைய மண்டபம், சுற்றிவரக் கறுத்த மரச்சட்டம் போட்ட வெள்ளை வீடுகள். சில வீடுகள் கிழவர்களைப்போல ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்துகொண்டு நின்றன. மல்கிரேவில் எங்கள் தெருவில் மரம்கூட எங்களுக்குப் பிறகு வந்ததுதான். இவ்வளவு பழசுக்குள் என் தம்பி எப்படிப் பொருந்தி இருந்தான் என்று யோசித்துக்கொண்டே, சதுக்கத்தின் மூலையில் இருந்த அவனுடைய வீட்டுக் கதவைத் தட்டினேன்.

அவள்தான் திறந்தாள். படத்தில் பார்த்ததைவிட மெலிந்திருந்தாள். என்னைப் பார்த்தாள், ஒன்றும் பேசாமல் விலகி வழிவிட்டாள். அவ்வளவுதான்! இத்தனை கடல் தாண்டி வந்து பெட்டியோடு நிற்கிறேன், ஒரு ஹலோகூட இல்லை. வெள்ளைக்காரருக்கு வேறெது இல்லாவிட்டாலும் மரியாதைப் பேச்சு இருக்கும் என்பார்களே, அதுவும் இல்லையா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான் இருக்கும்.

அடுத்த நாள் சந்தை நாள். என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். முட்டை, பாற்கட்டி, செம்மறித் தோல், பூக்கன்று என்று சதுக்கம் நிரம்பியிருந்தது. தம்பியிடம் கணக்குப் படித்த பிள்ளைகளின் தாய்மார் வந்து வந்து என் கையைப் பிடித்தார்கள். நல்ல மனிதர், நல்ல மனிதர் என்றார்கள். நான் அறியாத ஒரு தம்பியை இவர்கள் எல்லோரும் அறிந்திருந்தார்கள். இறைச்சிக் கடைக்காரர் இவளைக் கண்டதும், "வழக்கமானதுதானே?" என்று கத்தியை எடுத்தார். இவள் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, உருளைக்கிழங்கும் கரட்டும் கோவாவும் வாங்கிக்கொண்டு நடந்தாள்.

நின்ற நாளெல்லாம் அவித்த மரக்கறிதான். நானும் அந்தத் துக்க மாதம் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடுவதில்லை என்பது உண்மை. ஆனால் அது அவளுக்கு எப்படித் தெரியும்? இறைச்சியா மீனா, என்ன சாப்பிடுவீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையே. எனக்கு இது போதும் என்று நினைத்தாளாக்கும்.

பின்னேரம் சந்தைக்குப் பின்னால் உள்ள பாலத்துக்குக் கூட்டிப்போனாள். கீழே சின்ன ஆறு ஓடிக்கொண்டிருந்தது. "இங்கேதான்" என்றாள். தம்பியின் சாம்பலை அதில் கரைத்திருக்கிறாள். ஐயோ, எங்கள் ஊர்க் கீரிமலைக் கடலில் கரைய வேண்டியவன் வாத்து நீந்துகிற தண்ணீரில் போனானே! எனக்காகப் பொறுத்திருக்கவில்லையே! கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். அவள் பக்கத்தில் நின்றாள், என்னைத் தொடவில்லை.

வெளிக்கிடும் நாளில், அம்மாவை நினைத்து, எல்லாக் கோபத்தையும் விழுங்கினேன். இவளும் போனால் தம்பியின் பேர் சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்? வாசலில் நின்று கைகளை விரித்து, "போய் வருகிறேன், இன்னொருமுறை கட்டாயம் வருவேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் திடுக்கிட்டாள். பதில் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டாள்.

சதுக்கத்தில் பஸ்ஸுக்கு நின்றபடி அந்தக் கதவைத் திரும்பிப் பார்த்தேன். சீ, என்ன மனுசி இவள்!

மெல்பேணுக்கு வந்து சேர்ந்ததும், பெட்டியை வைக்க முதலே அம்மாவிடம் கொட்டித் தீர்த்தேன். அம்மா அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"நீ போகேக்க வாசலில என்ன சொன்னவள்?"

"ஒண்டும் சொல்லேல்லை. வா எண்டுகூடச் சொல்லேல்லை."

"வீட்டில மச்சம் காச்சினவளோ?"

"இல்லை. கடைக்காரன் கேட்டும் வேண்டாமெண்டிட்டாள்."

"சாம்பல்?"

"ஆத்தில."

"நீ வெளிக்கிடேக்க?"

"அதைத்தானே சொல்லுறன்! போட்டு வாறன் எண்டு நான் சொல்ல, கதவைச் சாத்திப்போட்டாள் அம்மா!"

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"செத்த வீட்டில ஆரடி வாங்கோ எண்டு கூப்பிடுறது? ஆர் போட்டு வாறன் எண்டு சொல்லுறது?"

சின்ன வயதில் இருந்து தெரிந்த சங்கதி. சாவு திரும்பவும் அந்த வாசலுக்கு வரக்கூடாது என்று, செத்த வீட்டில் யாரும் யாரையும் வரவேற்பதும் இல்லை, சொல்லிக்கொண்டு போவதும் இல்லை. வெள்ளைக்காரி வீட்டுக்குப் போகிறேன் என்று நான் வெள்ளைக்காரர் வழக்கத்தைத்தான் எதிர்பார்த்துக்கொண்டு போனேன். அவளோ எங்கள் வழக்கத்தை வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்திருக்கிறாள்.

"அப்பா செத்த மாதம் தம்பி அங்கை இருந்து எல்லாம் காத்தவன்" என்றார் அம்மா. "அதைப் பாத்து அந்தப் பிள்ளை பழகியிருக்குது. சாம்பலையும் ஓடுற தண்ணியிலதான் கரைச்சிருக்குது. ஒருத்தரும் பக்கத்தில இல்லாமல், கேட்டறிய ஒரு ஆள் இல்லாமல், தனிய இருந்து செய்திருக்குது. நான்தான் என்ர பிள்ளையை வரவிடாமல்... ஐயோ, என்ர மருமோள்!"

அப்போதுதான் அம்மா அழுதார். தலையில் அடித்துக்கொண்டு, தம்பியின் பேரைச் சொல்லிச் சொல்லி அழுதார்.

விடிந்ததும் போன் எடுத்துத் தரச் சொன்னார். ஓப்பரேட்டரிடம் சொல்லிக் காத்திருந்து, இணைப்புக் கிடைத்ததும் கொடுத்தேன். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, அவளுக்குத் தமிழ் தெரியாது. "பிள்ளை" என்றார் அம்மா. அதற்குமேல் வரவில்லை. அந்தப் பக்கத்தில் அவள் விம்முவது பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது. இரண்டு பேரும் கனநேரம் அழுதார்கள்.

பிறகு அம்மா, ஒன்றும் சொல்லாமல், போனை வைத்தார். அவளும் ஒன்றும் சொல்லவில்லை.