தெரியாத வெளிச்சமும் அப்பாவின் நாயும்

கடல் எங்கள் வீட்டைக் கொண்டுபோன பிறகு தன்னாமுனையில், உப்புநீர் வாவிக்கரையோரம், ஒரு தகரக் கொட்டிலில் குடியிருந்தோம். மின்சாரம் இல்லை. இரவில் வாவியில் இறங்க ராணுவம் தடை போட்டிருந்தது. அப்பா மட்டும் விளக்கில்லாமல், நாயையும் தோணியில் ஏற்றிக்கொண்டு, யார் கண்ணிலும் படவில்லை என்ற நம்பிக்கையில் இறால் பிடித்து வருவார். அந்தக் காசில் நான் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்துக்குப் போய் உலகத்துக்குப் புது வெளிச்சம் தேடிக்கொண்டிருந்தேன்.

தபால்தலை அளவுக் கண்ணாடி, அதில் மெல்லிய சேதனப் படலம், கரிமச் சேர்மத்தால் ஆனது. மின்சாரம் கொடுத்தால் அகச்சிவப்பு ஒளி வரும். கண்ணால் பார்க்க முடியாது என்பது அதன் பெருமை.

"ஊரே இருட்டில கிடக்கு. தெரியாத வெளிச்சத்துக்கா மனே இவ்வளவு பாடு?" என்று அம்மா கேட்டார். எங்கள் பேராசிரியர்கூட இப்படி ஒரு நல்ல கேள்வி கேட்டதில்லை.

அந்தப் பேராசிரியர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த அப்படியான ஒரே விளக்கை என்னிடம் தந்து, ஈரம் படாமல் வைத்திருக்கச் சொன்னார். வாவிக்கரையில் ஈரம் படாமல்! உப்புப் போத்தலுக்குள் நாலு அரிசி போட்டு வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். அம்மா அதே வைத்தியத்தைச் செய்தார். விளக்கு, வயர், பற்றரி எல்லாவற்றையும் ஒன்றாகச் சுற்றி அரிசி டின்னின் அடியில் புதைத்தார். பட்டதாரியாகப் போகிற அறிவாளி நான். வடக்கில் போர் முடிகிற தறுவாயில் அந்த டின்னோடு வளாகத்துக்குப் போகும் வழியில் ராணுவச் சோதனைச்சாவடியில் போய் நின்றேன்.

அரிசிக்குள் கைவிட்ட சிப்பாய் வயரை இழுத்தெடுத்தான். இதைவிடச் சின்ன விஷயத்துக்குக் கூட்டிப் போனவர்களே திரும்பி வராத காலம்.

"என்ன இது?"

"விளக்கு, சேர்."

"பத்த வை."

பற்றரியைத் தொடுத்தேன். ஒன்றும் தெரியவில்லை. அதுதான் வெற்றி என்று சிப்பாயின் துவக்குக் குழலுக்கு முன்னால் விளங்கப்படுத்தும் முறையை எங்களுக்கு யாரும் படிப்பிக்கவில்லை.

"உங்கட போன் கமராவால பாருங்க, சேர்," என்று கெஞ்சினேன்.

பார்த்தான். திரையில் மங்கிய ஊதா வெளிச்சம். அவன் முகம் மலர்ந்தது.

"இந்த லைட் எங்களுக்கும் இருக்கு. ராவைக்கு அதைப் போட்டா எங்கட கமராவில வாவி முழுக்கத் தெரியும். தோணியில நாய் கொண்டு போற ஆள், அதும் தெரியும்."

சிரித்துக்கொண்டே அரிசியையும் விளக்கையும் திருப்பித் தந்தான்.

வளாகத்துக்குப் போகாமல் வீட்டுக்கு ஓடினேன். சிப்பாய் சொன்னதைச் சொல்லி, இனி வாவிக்குப் போகவேண்டாம் என்று அப்பாவிடம் அழுதேன். அவர் வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அப்ப அவனுகளுக்கு என்னை அடையாளம் தெரியும். நாயில்லாமப் போனாத்தான் வேற ஆளெண்டு சுடுவானுகள்."

போர் முடியும்வரை அந்த நாய்க்கு ஒருநாளும் ஓய்வு கிடைக்கவில்லை. காய்ச்சலில் சுருண்டு கிடந்த நாளிலும் அப்பா அதைச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு போய்த் தோணியின் முன்பக்கம் வைத்தார், நன்றாகத் தெரியட்டும் என்று.