குறையாத கூலன்ட்

என் மனைவி நாற்பத்தாறு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். வடலூரில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். பதினெட்டு வருஷம் பஸ்ஸில் நின்றுகொண்டே போனவள், லைசென்ஸ் கைக்கு வந்த அன்று என்னிடம் சாவி கேட்டாள். கொடுத்தேன். கொடுக்கும்போது, "எங்கயாவது இடிச்சே, அன்னைக்கே சாவி திரும்பி வந்துடணும்" என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன் என்று எழுத ஆசை. பாதிதான் விளையாட்டு.

நான் அனல்மின் நிலையத்தில், தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறேன். பாய்லருக்குப் போகும் தண்ணீர் சுத்தமாக இருக்கிறதா என்று பார்ப்பது வேலை. இருபத்தைந்து வருஷமாக லீக்குகளோடு குடித்தனம். புதிதாக வரும் கான்ட்ராக்ட் ஆட்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன்: லீக்கைப் பார்த்தால் உடனே சொல்லுங்கள், சொன்னவனை யாரும் திட்ட மாட்டோம், மறைத்தவனைத்தான் திட்டுவோம். அதைச் சொல்லும்போது எனக்கே என்மேல் ஒரு மரியாதை வரும்.

அவள் ஓட்ட ஆரம்பித்து இரண்டு மாதம் இருக்கும். குவார்ட்டர்ஸ் ஷெட்டில், காருக்கு அடியில் ஈரம் தெரிந்தது. பானட்டைத் திறந்து, இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் டேங்கில் அன்றைய மட்டத்துக்கு மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டேன். தினமும் டியூட்டிக்குக் கிளம்பும் முன் பார்த்தேன். ஏழு நாளும் மட்டம் கோட்டிலேயே நின்றது. எங்கள் பிளான்ட்டில் கணக்கு சுலபம்: மட்டம் குறையவில்லை என்றால் லீக் இல்லை. "ஏ.சி. தண்ணிதான் சொட்டுது" என்று வீட்டில் தீர்ப்புச் சொன்னேன். மனைவி "சரிங்க" என்றாள். அவ்வளவு சீக்கிரம் எதற்கும் சரி சொல்கிறவள் இல்லை அவள். அதையாவது நான் கவனித்திருக்க வேண்டும்.

எட்டாம் நாள் நிறம் உறுத்தியது. நல்ல பச்சையாக இருக்க வேண்டிய கூலன்ட், நுங்குத் தண்ணீர் மாதிரி வெளிறியிருந்தது. ஒரு சின்ன பாட்டிலில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போனேன். பிளான்ட்டில் நீராவியைத் திரும்பத் தண்ணீராக்கும் பெரிய கண்டென்சரின் குழாய் ஓட்டையானால் வெளியே ஒரு சொட்டும் விழாது. வரக்கூடாத தண்ணீர் உள்ளே வந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் கண்டுபிடிப்போம். அதே சோதனையைக் காருக்கும் செய்தேன். கூலன்ட்டில் கலந்திருப்பது உப்பு நீக்கிய தண்ணீர். மருந்து விட்டால் நீலமாக வேண்டும், உப்பு இருந்தால் சிவக்கும். சிவந்தது. குழாய்த் தண்ணீர் கலந்திருக்கிறது. அப்படியானால் கூலன்ட் ஒழுகுகிறது, ஒழுகிய அளவுக்கு யாரோ தண்ணீர் ஊற்றுகிறார்கள்.

எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம். வீட்டில் இருப்பது இரண்டே பேர் என்பது பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் மண்டையில் ஏறியது.

அவள் பள்ளியிலிருந்து வந்திருந்தாள். நான் நேரே ஷெட்டுக்குப் போய், டார்ச்சோடு தரையில் படுத்துப் பார்த்தேன். ரேடியேட்டரின் கீழ் மூலையில், பிளாஸ்டிக்கில், முடி அகலத்துக்கு ஒரு விரிசல். பம்பருக்கு அடியில் வெள்ளைப் பெயின்ட் ஒட்டியிருந்தது. எங்கள் கேட் ஓரத்தில் வெள்ளையடித்த கல் ஒன்று உண்டு. எழுந்து, சட்டையைத் தட்டிக்கொண்டு வாசற்படிக்கு வந்தேன். அவள் கதவருகே, சாவி மாட்டும் ஆணிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"கல்லுல இடிச்சியா?"

"ஆமா. மூணு வாரம் ஆச்சு."

"தண்ணி ஊத்துனது?"

"நான்தான். செடிக்கு ஊத்தறப்ப அதுக்கும் ஊத்திடுவேன். முன்னாடி குத்துமதிப்பா ஊத்தினேன். நீங்க கோடு போட்டப்புறம் வசதியாப் போச்சு."

கத்தினேன். இன்ஜின் சூடாகி நடுரோட்டில் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும், எத்தனை நாள் என்னை முட்டாளாக்கியிருக்கிறாய் என்றெல்லாம் கத்தினேன். பக்கத்துக் குவார்ட்டர்ஸில் டி.வி. சத்தத்தைக் குறைத்தார்கள். கடைசியாக, "ஏன் சொல்லல?" என்றேன்.

"சொன்னா சாவிய வாங்கிடுவீங்க."

"நான் என்ன அப்படிப்பட்ட ஆளா?"

"பேசிக்கிட்டே ஆணியில இருந்து எடுத்துட்டீங்க. பையத் தொட்டுப் பாருங்க."

தொட்டேன். சட்டைப் பையில் சாவி இருந்தது. எப்போது எடுத்தேன் என்று சத்தியமாக ஞாபகம் இல்லை. வெட்கமாக இருந்தது. அவள் உள்ளே போய் காபி போட்டாள், எனக்கும் சேர்த்துத்தான்.

சனிக்கிழமை மந்தாரக்குப்பத்துக்குக் காரை ஓட்டிப் போனேன். மெக்கானிக் ரேடியேட்டர் வாயில் கைப்பம்பை மாட்டிக் காற்றடித்தார். மீட்டர் முள் மெல்ல இறங்கியது. விரிசலிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. "பிளாஸ்டிக்கு சார், பசை போட்டா நிக்காது" என்று புது ரேடியேட்டர் மாட்டினார். பழைய தண்ணீரைக் கழுவி விட்டு, புதுக் கூலன்ட் ஊற்றி, காற்றுக்குமிழ் நிற்கும்வரை இன்ஜினை ஓடவிட்டார். தண்ணீர் ஊற்றியது யார் என்று கேட்டார். சொன்னேன்.

"அம்மா ஊத்திகினே இருந்ததாலதான் இன்ஜின் தப்பிச்சுது சார். இல்லன்னா என்னைக்கோ போயிருக்கும்" என்றார்.

அதை வீட்டில் வந்து அப்படியே சொன்னேன். "ஓ" என்றாள். சாவியை ஆணியில் மாட்டினேன். அவள் பார்க்கும்படிதான் மாட்டினேன்.

திங்கட்கிழமை காலையில் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்துவிட்டாள். சாவி ஆணியிலேயே இருந்தது. செவ்வாய்க்கிழமையும் அப்படியே. புதன்கிழமை, பனியனோடு சாவியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். ஸ்டாப்பில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். சாவியை நீட்டினேன். அவள் சாவியைப் பார்த்தாள், பிறகு என் முகத்தை.

"திரும்ப இடிச்சா?"

"இடிச்சா சொல்லு."

"சொன்னா கத்த மாட்டீங்களா?"

கத்த மாட்டேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஏழெட்டுப் பேர் முன்னால் பொய் வரவில்லை.

"கத்துவேன். ஆனா சாவியக் கேக்க மாட்டேன்."

வடலூர் பஸ் வந்து நின்றது. மற்றவர்கள் ஏறினார்கள். கண்டக்டர் அவளைப் பார்த்து, "டீச்சர், வரீங்களா இல்லியா?" என்றார். அவள் இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவரிடம், "நீங்க போங்க" என்றாள்.